எதையும் மாட்டலாமா? பழைய ஸ்கிட் லோடர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்கிட் லோடர் என்ற சின்ன லோடரைப் பற்றியவை. பெக்கோ திரும்ப இடமில்லாத லயத்துக் கோடிக்கும், மாட்டுக் கொட்டகைக்கும், மண் சரிந்து பாதி அடைபட்ட தோட்டப் பாதைக்கும் அதுதான் போகிறது. அதனால் மற்ற மெஷின் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தைப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்குக் கொஞ்சம் லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டமும் சில கறவை மாடுகளும் இருக்கின்றன. பழைய டொயோட்டா எஸ்டிகே லோடர் ஒன்று வாங்கினேன். பக்கெட் மட்டும்தான் வந்தது, அதுவும் நேரே பின் போட்டு மாட்டியது. எருவைக் கவ்வி அள்ளக் கிரப்பிளும், உர மூட்டை தூக்கப் போர்க்கும் வேண்டும். "எல்லாம் ஒரே அளவுதான், எதை வாங்கினாலும் மாட்டலாம்" என்று விற்றவர் சொன்னார். நம்பி வாங்கலாமா?
(விவசாயி, கந்தப்பளை)

பதில்: நம்பி வாங்காதீர்கள். அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். புது மெஷின்களிலேயே பழகியவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். கடையில் 'யுனிவர்சல்' என்று விற்பது பொப்கெட் கம்பனி பாணித் தட்டு. அட்டாச்மென்டின், அதாவது முன்னால் மாட்டும் கருவியின், முதுகில் மேல் விளிம்பு சாய்ந்து வளைந்திருக்கும், மெஷினின் தட்டு அதற்குள் நுழைந்து தூக்கும். கீழ் விளிம்பில் இரண்டு துளைகள். மெஷினிலிருந்து இரண்டு ஆப்புப் பின்கள் இறங்கி அந்தத் துளைகளில் இறுகும். இந்த அளவுகளை ஐஎஸ்ஓ 24410 என்ற தரமாக எழுதியதே 2005இல்தான். அதற்கு முந்திய மெஷின்களில் ஒவ்வொரு கம்பனியும் தனக்குப் பிடித்த வழியில் செய்தது. உங்களுடையதைப் போல நேரே பின் போட்டதும் நிறைய உண்டு.

கெல்லர் சகோதரர்கள் 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு வான்கோழிப் பண்ணைக்காக இந்த மெஷினின் முதல் வடிவத்தைச் செய்தார்கள். கொட்டகைக்குள் புகுந்து எச்சத்தை அள்ளுவதுதான் அதன் வேலை. விதவிதமாக மாட்டிக் கழற்றும் ஏற்பாடு பிறகு வந்தது. ஆகவே எரு அள்ளுவது இந்த மெஷினுக்குப் பிறவித் தொழில். எந்த எடையோடு அள்ளுகிறது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாங்கும் ஒவ்வொரு அட்டாச்மென்டிலும் உங்கள் மெஷினுக்கு ஏற்ற காதுகளை (பின் நுழையும் துளையுள்ள தகடுகளை) வைத்துப் பற்றவைப்பது. காலையில் கிரப்பிள், மாலையில் போர்க் என்று தினமும் நான்கு பின்னைத் தட்டிக் கழற்றினால் பின்னும் புஷ்ஷும் சீக்கிரம் போய்விடும், உங்கள் பொறுமையும் போகும். இரண்டாவது வழி, மெஷினின் கைகளில் யுனிவர்சல் தட்டு ஒன்றை நிரந்தரமாகப் பொருத்துவது. நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் தட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே, கைகளின் நுனியோடு ஒட்டி வைக்க வேண்டும். பட்டறைகளில் பலர் வேலை சுலபம் என்று பெட்டி மாதிரி ஒரு சட்டம் அடித்து, அதற்கு முன்னால் தட்டை வைப்பார்கள். அதில் என்ன இழக்கிறீர்கள் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் மெஷின் 600 கிலோ தூக்கும் என்று தகட்டில் இருப்பதாக வைப்போம். முன் அச்சிலிருந்து சுமையின் நடு 110 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இடையில் வைத்த சட்டம் சுமையை இன்னும் 12 சென்டிமீட்டர் வெளியே தள்ளினால், அதே மெஷின் 540 கிலோவுக்குத்தான் தாங்கும். சட்டத்தின் சொந்த எடை 70 கிலோ என்றால் மிஞ்சுவது 470. கிரப்பிள் உங்கள் பழைய பக்கெட்டைவிட 150 கிலோ கூடுதல் என்றால், எருவுக்கு மிஞ்சுவது 320 கிலோ. வாங்கும்போது கேட்ட 600 எங்கே, இந்த 320 எங்கே! தகட்டில் உள்ள எண் மெஷின் கவிழும் எடையில் பாதிதான், அதனால் மறுபாதி கைவசம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாதி சமதரையில் அளந்த கணக்கு. கந்தப்பளையில் உங்கள் தோட்டத்தில் சமதரை எங்கே இருக்கிறது? அதைத் தொடாதீர்கள்.

இனி வேலையைச் செய்யும் முறை. பழைய பக்கெட்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள், அதன் காதுகள்தான் உங்கள் அச்சு. பின்னின் விட்டத்தை வெர்னியரில் அளவெடுங்கள். கையைத் தாங்கும் கீழ் பின்னுக்கும், பக்கெட்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டர் பிடிக்கும் மேல் பின்னுக்கும் நடுவுக்கு நடு எவ்வளவு என்று பாருங்கள். இந்த ஒரு அளவு பிசகினால் பக்கெட் பின்னால் சாய வேண்டிய அளவு சாயாது, சுமை முன்னால் கொட்டிக்கொண்டே வரும். காதின் வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டி, பக்கெட்டிலும் மெஷினிலும் வைத்துப் பார்த்த பிறகு இரும்பை வெட்டுங்கள். தகட்டின் கனம் பழைய காதின் கனத்துக்குக் குறையக் கூடாது.

அட்டாச்மென்டை முதலில் வாங்குங்கள், தட்டை அதன் பிறகு செய்யுங்கள். வாங்கிய போர்க்கை நிலத்தில் நிறுத்தி, புதுத் தட்டை அதில் மாட்டி, ஆப்புப் பின்களை இறக்கி இறுக்குங்கள். அப்படியே மெஷினைக் கிட்டக் கொண்டுவந்து, கைகளைக் கீழே இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, காதுகளைப் பின்னில் கோத்து, தட்டோடு அங்கங்கே ஒரு பொட்டு வெல்டிங் மட்டும் வையுங்கள். பிறகு எஞ்சினைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் முழுவதுமாகச் சாய்த்துப் பாருங்கள். தட்டு கையின் குறுக்குக் குழாயில் இடிக்கிறதா, ஹோஸ் நசுங்குகிறதா, போர்க்கின் இரண்டு நுனியும் கொன்கிரீட் தரையில் ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சரி என்றால் கழற்றி, மேசையில் வைத்து முழு வெல்டிங். சூடு ஒரு பக்கம் சேர்ந்தால் தட்டு முறுக்கிக்கொள்ளும், அதனால் இடமும் வலமும் மாறி மாறிப் போங்கள். கதவு, ஜன்னல் கிறில் பற்றவைக்கும் 6013 குச்சி இந்த வேலைக்கு ஆகாது. 7018 குச்சியை நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். நுவரெலியாப் பக்கத்து ஈரக் காற்றில் திறந்து வைத்த பெட்டி சீக்கிரமே ஈரம் இழுத்துவிடும்.

மெஷினிலேயே பொட்டு வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஏர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடியுங்கள். தள்ளி எங்கோ சேசிஸில் கடித்தால் கரண்ட் பின், புஷ், பேரிங் வழியாகப் போய் அவற்றைப் பொத்துவிடும். சிலிண்டரின் பளபளப்பான தண்டை ஈரச் சாக்கால் மூடுங்கள். ஒரு தீப்பொறி அதில் ஒட்டினால் போதும், அடுத்த மாதமே சீல் கிழிந்து ஒயில் வடியும்.

எல்லாம் முடிந்து தினசரி மாட்டும்போது, லீவர் கீழே படுத்துவிட்டது என்பதை வைத்துத் திருப்திப்படாதீர்கள். இறங்கிப் போய், இரண்டு ஆப்புப் பின்களும் துளையைத் தாண்டிக் கீழே தலைநீட்டுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சேறு அடைத்தால் ஒன்று பாதியில் நிற்கும். ஒற்றைப் பின்னில் தொங்கும் கிரப்பிள் மேலே தூக்கியபின் கழன்றால், கீழே நிற்பவர் பிழைக்கமாட்டார்.

கேள்வி: தோட்டப் பாதையோரம் மானாப்புல்லும் புதரும் வெட்டும் வேலையைக் கொந்தராத்து எடுத்திருக்கிறேன். பழைய லோடருக்குப் பாவித்த புதர்வெட்டி ஒன்று வாங்கிப் போட்டேன். பிளேட் மெதுவாகச் சுற்றுகிறது. அரை மணியில் ஒயில் கொதிக்கிறது. மோட்டர் சீல் மாற்ற மாற்ற ஒயில் கசிகிறது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வை இன்னும் இறுக்கலாம் என்கிறார் மெக்கானிக் பாஸ். இறுக்கவா?
(கொந்தராத்துக்காரர், தலவாக்கலை)

பதில்: இறுக்க வேண்டாம். உங்களிடம் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, அவற்றில் எதையும் அந்த வால்வ் தீர்க்காது.

முதலில் சீல். மோட்டரில் இரண்டு பெரிய ஹோஸ் தவிர, மூன்றாவதாக ஒரு மெல்லிய ஹோஸ் போகும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டருக்குள் கொஞ்சம் கசியும் ஒயில் அந்த வழியாக அழுத்தமில்லாமல் டேங்குக்குத் திரும்ப வேண்டும். பழைய மெஷின்களில் அந்த மூன்றாவது லைன் இல்லாததால், யாராவது அதை அடைத்திருப்பார்கள், இல்லையென்றால் ஒரு டீ இணைப்புப் போட்டு ரிட்டர்ன் ஹோஸில் சேர்த்திருப்பார்கள். ரிட்டர்னில் கப்ளர் (ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு), கூலர், பில்டர் எல்லாம் தடுத்து நிற்பதால் அங்கே அழுத்தம் உண்டு. அது முழுவதும் தண்டின் சீலைத் தள்ளும். எத்தனை சீல் போட்டாலும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். டேங்கின் மேற்பகுதிக்கு நேரே ஒரு தனி லைன் போடுங்கள், நடுவில் தடுக்கும் எதுவும் வேண்டாம்.

அடுத்தது வேகம். ஒயில் ஓட்டம் வேகத்தைத் தரும், அழுத்தம் பலத்தைத் தரும். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதை எத்தனை பார் என்பதால் பெருக்கி 600 ஆல் பிரித்தால் கிலோவாட் வரும். நீங்கள் எழுதியபடி உங்கள் லோடர் 50 லீற்றர், 165 பார். அதாவது ஏறக்குறைய 14 கிலோவாட், 18 குதிரைவலு. புதர்வெட்டியின் தகட்டில் இருப்பது 80 லீற்றர், 200 பார். அது கேட்பது 26 கிலோவாட்டுக்கு மேல். 80 லீற்றரில் ஆயிரம் சுற்றுச் சுற்றும் பிளேட், உங்கள் 50 லீற்றரில் 625 சுற்றுத்தான் சுற்றும். இதில் மலை உயரமும் சேர்கிறது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 வீதம் பலம் இழக்கும். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீட்டர். கீழ்நாட்டில் ஓட்டிப் பார்த்து வாங்கிய மெஷின் உங்கள் ஊரில் எட்டில் ஒரு பங்கு பலத்தை விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது. நுவரெலியாவில் இன்னும் குறையும்.

ரிலீஃப் வால்வை இறுக்கினால் ஓட்டம் ஒரு சொட்டும் அதிகரிக்காது. பம்பும் ஹோஸும்தான் ஆபத்துக்குப் போகும்.

மோட்டரை மாற்றுவதுதான் இதற்கு வழி. ஒரு சுற்றுக்கு 80 சிசி குடிக்கும் மோட்டர் அதில் இருந்தால், 50 சிசி மோட்டர் போடுங்கள். உங்கள் 50 லீற்றரில் பிளேட் மறுபடி ஆயிரம் சுற்றுக்கு வரும். முறுக்குப் பலம் அதே அளவில் குறையும், அதனால் மானாப்புல்லுக்கும் இளம் புதருக்கும் போதும், கை மொத்தக் கட்டைக்குப் போகாதீர்கள். மோட்டர் தேடக் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறீர்கள் என்றால் பழைய மோட்டரையே கையில் கொண்டுபோங்கள். தண்டின் சாவி, பிளேஞ்ச் துளை எல்லாம் ஒத்துவர வேண்டும்.

சூட்டுக்குக் கப்ளரை முதலில் சந்தேகப்படுங்கள். முழுதாகத் திறக்காத கப்ளர் ஒயிலைப் பிதுக்கிப் பிதுக்கிச் சூடாக்கும். வேலை நடுவில் நிறுத்தி, கையுறை போட்டுக் கப்ளர் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே தெரியும், ஹோஸைவிட அது மட்டும் தகிக்கும். பழைய குண்டு வால்வ் கப்ளரைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான அரை அங்குலத் தட்டைமுகக் கப்ளர் போடுங்கள். துடைக்க லேசு, மண் உள்ளே போகாது. ஜப்பான் மெஷின் என்பதால் இன்னொன்றும் கவனியுங்கள். அதன் திரெட் நம் கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் பைப் திரெட்டோடு அழகாகச் சேர்ந்துவிடும், ஆனால் உள்ளே உட்காரும் கூம்பு சேராது. எவ்வளவு இறுக்கினாலும் வியர்க்கும். ஹோஸ் அடிக்கும் கடைக்குப் பழைய முனையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பாவித்த அட்டாச்மென்ட் வாங்குகிற எல்லாருக்கும் ஒரு வார்த்தை. அதற்குள் இருக்கும் ஒயில் இன்னொருவருடைய மெஷினின் அழுக்கு. கப்ளரைச் சேர்த்த நிமிடமே அது உங்கள் டேங்குக்கு வந்துவிடும். மோட்டர், ஹோஸ், சிலிண்டர் எல்லாவற்றிலும் உள்ளதை ஒரு வாளியில் வடித்து, வெளிச்சத்தில் பார்த்து, புது ஒயிலால் கழுவிய பிறகு சேருங்கள். வாளியின் அடியில் மினுமினுவென்று இரும்புத்தூள் கண்டால் வாங்குவதையே யோசியுங்கள்.

கேள்வி: பக்கெட்டை நிலத்தில் வைத்து ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது. பின் துளைகள் முட்டை மாதிரி நீண்டுவிட்டன. பின்னையே கையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.
(வாடகைக்கு ஓட்டுபவர், பண்டாரவளை)

பதில்: தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பின்னைப் பற்றவைத்தால் அசைவு நிற்காது, பக்கத்து இரும்புக்குப் போகும். பிறகு கையே வெடிக்கும். கை வெடித்த மெஷினை யாரும் வாங்கமாட்டார்கள்.

துளையை வெல்டிங்கில் நிரப்பி, இரண்டு பக்கத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் சேர்த்துக் கடைய வேண்டும். லைன் போரிங் மெஷினை இடத்துக்கே கொண்டுவந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கடைந்தால் நேர் தப்பும், பின் உள்ளே போகாது, பிறகு சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். புஷ் போட இடமிருந்தால் புஷ் போடுங்கள், அடுத்த தடவை புஷ்ஷை மட்டும் மாற்றலாம். பின்னை இஎன்8 இரும்பில் கடைந்து மேற்பரப்பைக் கடினப்படுத்தச் சொல்லுங்கள். கட்டிடக் கம்பியில் கடைந்த பின் மழைக்காலம் தாண்டாது.

கிரீஸ் போகும் துளையைப் பின்னிலோ புஷ்ஷிலோ சரியாக வைத்திருக்கிறார்களா என்று பூட்டுவதற்கு முன்னால் கம்பி விட்டுப் பாருங்கள். புதுப் பின் போட்டும் சீக்கிரம் தேய்ந்த பல மெஷின்களில் கிரீஸ் நிப்பிள் இருக்கும், உள்ளே வழி இருக்காது. தினமும் வேலை முடிந்து, பின் இன்னும் சூடாக இருக்கும்போது, பழைய கறுப்புக் கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். காலையில் அடிப்பதைவிட அதுதான் நல்லது. இரவு மழையின் தண்ணீர் உள்ளே போகாமல் அந்தக் கிரீஸே அணை போட்டுவிடும்.

கேள்வி: பின் டயர் இரண்டும் புதிது, முன் டயர் பழசு. அதற்குப் பிறகு ஓடும்போது உள்ளே சங்கிலி அடிக்கும் சத்தம். சம்பந்தம் உண்டா?
(டிரைவர், ஹட்டன்)

பதில்: உண்டு, தம்பி. ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் உள்ளே சங்கிலிகளால் பூட்டப்பட்டவை, இரண்டும் ஒரே சுற்றுச் சுற்றியாக வேண்டும். பெரிய டயரும் தேய்ந்த டயரும் ஒரே சுற்றில் ஒரே தூரம் போகாது. அந்த வித்தியாசம் முழுவதையும் சங்கிலி இழுத்துத் தாங்குகிறது. குறைந்தபட்சம் ஒரு பக்கத்துக்கு இரண்டு புதிது, மறுபக்கத்துக்கு இரண்டு பழசு என்று மாற்றுங்கள். நேரே ஓட்டும்போது கொஞ்சம் இழுக்கும், ஆனால் சங்கிலி பிழைக்கும். நான்கும் ஒரே மாதிரி போடுவதுதான் முறை.

மாற்றியபிறகும் சத்தம் இருந்தால் சங்கிலிப் பெட்டியின் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அச்சு சீல் போயிருக்கிறது. காந்தத்தில் தூள் படிந்தால் சாதாரண தேய்மானம். துண்டு ஒட்டினால் மெஷினை ஓட்டாமல் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

கேள்வி: சரிவில் ஏறும்போது முன்னால் ஏறணுமா, பின்னால் ஏறணுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
(ராகலை)

பதில்: எந்தப் பக்கம் கனமோ அது மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். வெறும் பக்கெட் என்றால் எஞ்சின் இருக்கும் பின்பக்கம் கனம், ஆகவே பின்னாலேயே ஏறி, முன்பக்கமாக இறங்குங்கள். பக்கெட் நிறையச் சுமை என்றால் முன்பக்கம் கனம், முன்னால் ஏறி, பின்னால் இறங்குங்கள். ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இதுதான், ஒருவர் வெறும் மெஷினை நினைத்துச் சொல்கிறார், மற்றவர் சுமையோடு நினைத்துச் சொல்கிறார்.

மண் அள்ளும் பக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய கிரப்பிளோ புதர்வெட்டியோ மாட்டினால், சுமை இல்லாமலே முன்பக்கம் கனமாகிவிடலாம். புது அட்டாச்மென்ட் மாட்டிய அன்று, சமதரையில் அதை ஒரு அடி உயர்த்தி, மெதுவாகப் போய்ச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். பின் சக்கரம் நிலத்தைவிட்டு எழப் பார்த்தால் அதைச் சுமையுள்ள மெஷினாகவே நினைத்து ஓட்டுங்கள். சரிவில் குறுக்காகப் போகாதீர்கள், திரும்பாதீர்கள், அட்டாச்மென்டை முழங்காலுக்கு மேல் தூக்காதீர்கள். மண் சரிந்த இடத்தில் ஓரம் ஊறிப்போய் இருக்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில், யார் கூப்பிட்டாலும், எவ்வளவு வாடகை சொன்னாலும் மெஷினை இறக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் சொந்தமாக லோடர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். பழுதுபார்க்கும்போது கைகளை மேலே தூக்கி, ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் புகுந்துகொள்கிறார். ஹோஸ் எங்கே கசிகிறது என்று வெறும் விரலால் தடவிப் பார்க்கிறார். எழுந்தால் எஞ்சின் நிற்கிறது என்று சீட்டுக்குக் கீழே இருந்த வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டார். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார். நீங்கள் எழுதினால் படிப்பார்.
(மஸ்கெலியா)

பதில்: தங்கச்சி, நீங்கள் பயப்படுவது முழுக்க நியாயம். இதை அவருக்கே எழுதுகிறேன், அவர் கையில் கொடுங்கள்.

தம்பி, கைகள் மேலே நிற்பது ஒயிலின் தயவால். ஒரு ஹோஸ் வெடித்தாலோ, தெரியாமல் லீவரில் முழங்கை பட்டாலோ, பல நூறு கிலோ இரும்பு கண்மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிடும். மரக்கட்டை அந்த அடியில் பிளக்கும், இல்லையென்றால் வழுக்கித் தெறிக்கும். மெஷினோடு ஒரு இரும்புத் தாங்கி வந்திருக்கும். சில மெஷின்களில் அது சிலிண்டர் தண்டின் மேல் உட்காரும், சிலவற்றில் கைக்குக் குறுக்கே பின் போடும். உங்களுடையதில் காணாமல் போயிருந்தால், உங்கள் மொடலின் கையேட்டில் உள்ள அளவுக்கே செய்யுங்கள். கையில் தோன்றிய அளவுக்கு வெட்டாதீர்கள். அதை மாட்டும்போது ஒருவர் சீட்டில் இருக்க வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று மாட்ட வேண்டும். முடிந்தால் கைகளைக் கீழே இறக்கிவைத்தே வேலையைப் பாருங்கள், பாதிப் பழுதுகளுக்குத் தூக்கவே தேவையில்லை.

ஹோஸை விரலால் தடவும் பழக்கம் இன்றோடு நிற்கட்டும். ஊசித்துளையில் பீய்ச்சும் ஒயில் கண்ணுக்குத் தெரியாது. அது தோலைத் துளைத்து உள்ளே போகும்போது எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். வெளியே ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரியும். உள்ளே ஒயில் நரம்பையும் சதையையும் அழுகச் செய்துகொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். வலி குறைவு என்று வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு படுக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். "உயர் அழுத்த ஹைட்ரோலிக் ஒயில் தோலுக்குள் போயிருக்கிறது" என்று இந்த வார்த்தைகளிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். சாதாரணக் காயம் என்று மருந்து கட்டி அனுப்பிவிடக் கூடாது. கசிவு பார்க்க ஒரு நீளமான அட்டைத் துண்டு போதும். கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டையை ஹோஸுக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், ஒயில் பட்ட இடம் கறுக்கும்.

சீட் வயரையும் திரும்பப் பழையபடி போடுங்கள். நீங்கள் எழுந்து வெளியே வரும் வழி, கைகளும் பக்கெட்டும் இறங்கும் அதே வழிதான். கால் லீவரில் பட்டால் மெஷினை நிறுத்த அந்த ஒரு சுவிட்ச்தான் இருக்கிறது. பழைய மெஷினில் சுவிட்ச் துருப்பிடித்து எஞ்சின் அடிக்கடி நிற்பது உண்மைதான், அது எரிச்சலான விஷயமும்தான். புது சுவிட்ச் ஒன்று வாங்கிப் போடுங்கள். உங்கள் வீட்டில் அதற்காகவே ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

கேள்வி: பம்ப் தேய்ந்திருக்கிறது, ஹைட்ரோலிக் ஒயிலை 46க்குப் பதில் அதைவிடத் தடித்த 68 போட்டால் பலம் வரும் என்கிறார்கள். போடலாமா?
(வெலிமடை)

பதில்: மத்தியானம் கொஞ்சம் பலம் வந்த மாதிரி தெரியும். காலைக் குளிரில் அந்தத் தடித்த ஒயில் பம்புக்குள் ஏறாமல் கீச்சென்று கத்தும், அந்தச் சத்தம் வரும் ஒவ்வொரு நிமிடமும் பம்ப் இன்னும் தேய்கிறது. கையேடு சொன்ன ஒயிலையே போடுங்கள். சில பழைய பொப்கெட் மொடல்களுக்கு ஹைட்ரோலிக்கிலும் எஞ்சின் ஒயில்தான் என்று கையேட்டில் இருக்கிறது, அதனால் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இருப்பது என்ன ஒயில் என்று தெரியாத மெஷின் என்றால், மேலே ஊற்றி நிரப்பாமல் முழுவதையும் வடித்து, பில்டரோடு மாற்றுங்கள். பிறகு ஒயில் சூடானதும் பம்பின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மீட்டர் போட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பம்ப்தான் பழுது என்று மீட்டர் காட்டினால் பம்பைச் செய்யலாம். பலமுறை உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கிளிப் ஒன்று தளர்ந்து காற்று இழுப்பதுதான் காரணமாக இருக்கும், அதை முதலில் இறுக்கிப் பாருங்கள்.